துறவி நண்டு எந்த இனம் என்று தெரிந்துகொள்ள முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கடற்கரையில் பார்த்த துறவி நண்டை, அதாவது காலிச் சங்கைச் சுமந்து திரியும் நண்டைப் படமெடுத்து, உயிரினங்களை அடையாளம் சொல்லும் செயலியில் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் வருகிறது. உடம்பைப் பார்த்தே இனத்தைச் சொல்ல முடியுமா, அதற்கு நிறம் போதுமா என்பது கேள்வி.

உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியும். ஆனால் நிறத்திலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் தவறான பெயரில்தான் போய் முடியும். உணர்கொம்பு, கொடுக்கு, கண்காம்பு, நடக்கும் கால்கள் என்ற வரிசையில் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் நிறத்தைப் பார்க்க வேண்டும். அப்போதும் நிறத்தைவிட அது உடம்பில் எந்த இடத்தில், எந்தக் கோலத்தில் படிந்திருக்கிறது என்பதுதான் பயன்படும். செயலி தடுமாறுவதற்குக் காரணமும் இதுதான். படத்தில் பாதிக்கு மேல் சங்கு, மீதி நிறம். வேறு எதையும் பார்க்க அதற்கு வாய்ப்பு இருப்பதில்லை.

சங்கை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது ஏதோ ஒரு நத்தை விட்டுப்போன வீடு. ஒரே இன நண்டு தூத்துக்குடிக் கரையில் ஒரு சங்கிலும், கொஞ்சம் தள்ளி இன்னொரு கரையில் வேறு சங்கிலும் இருக்கும். வளர வளர மாற்றிக்கொண்டும் போகும். நல்ல சங்கு கிடைக்காத இடத்தில் பிளாஸ்டிக் மூடியைக்கூடச் சுமந்துகொண்டு திரியும். பெர்முடாவில் நடந்ததைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அங்கே சிட்டேரியம் பைக்கா என்ற பெரிய கடல்நத்தை அழிந்துபோனது. அதன் ஓட்டை நம்பியிருந்த தரைத் துறவி நண்டுகள், மண்ணிலிருந்து அரித்து வெளிவரும் அதன் புதைபடிவ ஓடுகளில் குடியிருந்தன. ஆக, சங்கின் பெயரைக் கண்டுபிடித்தால் நத்தையின் பெயர்தான் தெரியவரும். ஒரே ஒரு விதத்தில் சங்கு உதவும். சிலியோபகூரஸ் ஸ்ட்ரைகேட்டஸ் என்ற நண்டின் உடம்பே தட்டையாக அமுங்கியிருக்கும், கூம்புச் சங்கின் ஒடுக்கமான வாய்க்குள் நுழைவதற்கு ஏற்றாற்போல. அப்படி ஒரு கூம்புச் சங்கிலிருந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட கால்கள் எட்டிப்பார்த்தால் இந்தப் பெயரை முதலில் நினைக்கலாம். மற்ற இடங்களில் சங்கை விட்டுவிடுங்கள்.

இனி நண்டு. துறவி நண்டுக்கும் பத்துக் கால்தான். முதல் ஜோடி கொடுக்குகள். இரண்டாவதும் மூன்றாவதும் நடக்கிற கால்கள். நான்காவதும் ஐந்தாவதும் குட்டையாகச் சங்குக்குள்ளேயே கிடந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். வெளியில் தெரிவது தலைப்பக்கத்துக் கெட்டியான மேல்தகடு வரைக்கும்தான். இந்தத் தகட்டின் நீளத்தைத்தான் ஆய்வாளர்கள் நண்டின் அளவாக எடுத்துக்கொள்வார்கள். பின்னுடல் மென்மையாகச் சுருண்டு கிடப்பதால் முழு உடலின் நீளம் நிலையான அளவாகாது, அதனால் அப்படி ஒரு வழக்கம். தகட்டின் முன்னால் இரண்டு கண்காம்புகள் இருக்கும், அவற்றின் அடியில் இரண்டு சிறு செதில்கள். பக்கத்தில் நீளமான ஒரு ஜோடி உணர்கொம்பு, நடுவில் குட்டையான இன்னொரு ஜோடி. இவ்வளவுதான் நம் கையிலிருக்கும் சரக்கு. ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டும் துளைகள் கால்களின் அடியில் இருக்கின்றன. பெண்ணுக்கு மூன்றாம் ஜோடிக் கால்களின் அடியில், ஆணுக்கு ஐந்தாம் ஜோடியின் அடியில். நண்டு சங்கை மாற்றுகிற நேரத்தில் பக்கத்தில் இருந்தால் ஒழிய அதைப் பார்க்க முடியாது.

தரையில் வாழ்வதா, கடலில் வாழ்வதா என்பது முதல் கேள்வி. எங்கே கண்டெடுத்தோம் என்பதை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். கடல் இனங்களில் சில, நீர் வற்றியபின் பாறை இடுக்கிலும் சேற்றிலும் மணிக்கணக்கில் கிடக்கும். குட்டை உணர்கொம்பைப் பாருங்கள். கடல் இனங்களில் அதன் நுனி மெல்லிய இழையாகக் கூர்ந்து முடியும். தரை இனங்களில் அது மொட்டையாக, வெட்டிவிட்ட குச்சி மாதிரி முடியும். தரை நண்டு அதை மேலும் கீழும் ஆட்டிக் காற்றில் வாசனை பிடிப்பதை நேரில் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது.

அடுத்து எந்தக் கொடுக்கு பெரியது என்பது. இடது பெரிதாக இருந்தாலோ, இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தாலோ பெரும்பாலும் டயோஜெனிடே குடும்பம். தரை இனங்கள் எல்லாமே இடது பெரிதானவைதான், ஆனால் அவை சீனோபிட்டிடே என்ற தனிக்குடும்பம். வலது பெரிதாக இருந்தால் பெரும்பாலும் பகூரிடே. ஐரோப்பாவின் வடகடல் பக்கத்துப் புத்தகங்களில் முதலில் வருகிற பகூரஸ் பெர்ன்ஹார்டஸ் இந்த வலதுகைக் கூட்டத்தைச் சேர்ந்தது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் நிறைய அதை மாதிரியாக வைத்து எழுதப்பட்டவை. நம் பக்கத்து ஆழமில்லாத கரைகளில் கண்ணில் படுவதோ பெரும்பாலும் இடதுகை நண்டுகளும் சமக்கை நண்டுகளும்தான். அதனால் அந்த வழிகாட்டிகளை இங்கே அப்படியே வைத்துப் பார்ப்பது வீண்வேலை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சண்டையிலோ எதிரியிடமோ இழந்த கொடுக்கு அடுத்தடுத்த தோலுரிப்புகளில் மறுபடியும் வளரும். வளரும்போது முதலில் சிறியதாகத்தான் இருக்கும். இடது கொடுக்கை இழந்த நண்டு கொஞ்ச காலத்துக்கு வலதுகை நண்டு போலவே தெரியும். புதிதாக வளர்ந்த கொடுக்கு பெரும்பாலும் வெளிறி, முட்களும் மேடுபள்ளங்களும் சரியாக உருவாகாமல் இருக்கும். ஒரே ஒரு நண்டை மட்டும் பார்த்து இந்த முடிவுக்கு வராமல், அதே இடத்தில் இருக்கும் இன்னும் சில நண்டுகளையும் பார்ப்பது நல்லது.

தரை நண்டுகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேள்விகளில் பெரும்பாலானவை இவற்றைப் பற்றித்தான் வருகின்றன. செல்லப்பிராணியாக வளர்ப்பவர்களும் இவற்றைத்தான் வைத்திருக்கிறார்கள். குடும்பத்தில் இரண்டே பேரினங்கள், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்புகள். ஒன்று சீனோபிட்டா, பதினைந்துக்கு மேற்பட்ட இனங்கள் கொண்டது. இன்னொன்று பிர்கஸ், அதில் பிர்கஸ் லாட்ரோ என்ற ஒரே இனம்தான், அதாவது தென்னை நண்டு. இது சிறுவயதில் மட்டும் சங்கு சுமக்கும், வளர்ந்தபின் சங்கே தேவைப்படாது. இந்தியாவில் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மட்டும்தான் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அடையாளம் பார்க்கிறேன் என்று அதைக் கையில் எடுக்க நினைக்க வேண்டாம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்தக் கொடுக்கில் விரல் மாட்டினால் விரல் நமக்கில்லை.

சீனோபிட்டாவில் முதலில் பார்க்க வேண்டியது இடது கொடுக்கின் வெளிப்பக்க மேல்பகுதி. சீனோபிட்டா ருகோசஸ் என்ற இனத்தில் அங்கே சாய்வாகச் சில மேடுகள் வரிசையாக இருக்கும், தோலில் தையல் போட்டது போல. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கின் மேற்கிலும் மிகப் பரவலாக உள்ள நண்டு இது. மாலத்தீவுக் கரையில் நடந்தால் காலில் இடறுகிற அளவுக்கு இருக்கும். லட்சத்தீவு, அந்தமான், இலங்கை எல்லா இடத்திலும் உண்டு. இதன் நிறத்தைக் கேட்டால் எதைச் சொல்வது? வெள்ளை, சாம்பல், பழுப்பு, இளநீலம், இளஞ்சிவப்பு, ஊதா என எல்லாவற்றிலும் இருக்கிறது, அதுவும் ஒரே கரையில் பக்கத்துப் பக்கத்தில். நிறத்தை வைத்துப் பிரித்தால் இந்த ஒரு இனத்தையே ஆறு இனமாக்கிவிடலாம். ஆனால் கொடுக்கின் அந்தச் சாய்வு மேடுகளும், கண்காம்பின் அடிப்பக்கத்தில் உள்ள கரும்பழுப்புக் கறையும் எந்த நிற நண்டிலும் மாறுவதில்லை. இந்த மேடுகளை உரசி நண்டு சத்தம் எழுப்பும் என்பார்கள். ஜப்பானியர்கள் இதற்கு அழுகிற தரைத்துறவி நண்டு என்ற பொருளில் பெயர் வைத்திருப்பது அதனால்தான்.

சீனோபிட்டா கேவிப்பஸில் அந்தச் சாய்வு மேடுகள் கிடையாது. உணர்கொம்பு நல்ல செந்நிறம். உடல் பழுப்பிலிருந்து கருஞ்சாம்பல் வரை போகும், வயது ஏற ஏறக் கறுக்கும். ருகோசஸையும் கேவிப்பஸையும் பிரிக்கக் கொடுக்கின் மேல்பகுதியைத் தெளிவாக ஒரு படம் எடுத்தால் போதும், வேலை பாதி முடிந்துவிடும். மீதிப் பாதி எவ்வளவு சிக்கல் என்பதற்கும் கேவிப்பஸே சாட்சி. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியாவில் இருந்த ஒரு நண்டைக் காலங்காலமாகக் கேவிப்பஸ் என்றே எல்லோரும் எழுதிவந்தார்கள். 2016-இல்தான் அது வேறு இனம் என்று பிரித்துச் சீனோபிட்டா லைலா எனப் பெயரிட்டார்கள். அருங்காட்சியகங்களில் இருந்த நிபுணர்களே அத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்ததை, ஒரு கைபேசிப் படத்தில் பிரிக்க முடியவில்லை என்று வருத்தப்பட ஒன்றுமில்லை.

பிரெவிமானஸ் இந்தப் பேரினத்தின் பெரிய ஆள். இடது கொடுக்கு உருண்டு திரண்டு வழவழப்பாக, உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். நண்டு உள்ளே இழுத்துக்கொண்டால் அந்தக் கொடுக்கே சங்கின் வாயை அடைத்துவிடும். கண்காம்பு பக்கவாட்டில் அமுங்காமல் மெலிந்த உருளையாக இருக்கும். இன்னொரு நுட்பமான அடையாளம் கொடுக்கின் உட்பக்கத்தில் இருக்கிறது. மற்றத் தரை இனங்களில் பலவற்றுக்கு உள்ளங்கைப் பக்கத்தின் மேல்பகுதியில் அடர்ந்த மயிர்த்தூரிகை ஒன்று இருக்கும். பிரெவிமானஸுக்கு இரண்டு கொடுக்கிலும் அது இல்லை. ஊதா நிறத்தில் நிறையப் பேர் பார்த்திருப்பதால் இதை ஊதா நண்டு என்றே சொல்வார்கள். ஆனால் பழுப்பிலும் செம்பழுப்பிலும் இருக்கின்றன. கடலை விட்டு உள்ளே தள்ளி, தீவுகளின் காட்டுப்பகுதியில், ஆப்பிரிக்கப் பெருநத்தையின் ஓட்டைச் சுமந்துகொண்டு பெரிதாக ஒன்று போனால் இதை நினைக்கலாம். அதுவும் ஒரு துப்புதான். தீர்ப்பைக் கொடுக்கையும் கண்காம்பையும் பார்த்த பிறகு சொல்லலாம்.

பெர்லேட்டஸ் மட்டும் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் போல இருக்கும். வளர்ந்த நண்டு நல்ல செஞ்சிவப்பு, அதன்மேல் முத்துமுத்தாக வெள்ளைக் குருணைகள். ஸ்ட்ராபெர்ரி நண்டு என்று வளர்ப்போர் மத்தியில் பெயர். ஆனால் குட்டிகள் வெளிறித்தான் இருக்கும். தொட்டியில் சரியான தீனி இல்லாமல் வளர்ப்பவற்றின் சிவப்பும் மங்கிப்போகும். அப்போது கைகொடுப்பது அந்தக் குருணைகள்தான், நிறம் போனாலும் அவை போகாது. வயோலாசென்ஸ் கதை வேறு. குட்டியாக இருக்கும்போது ஆரஞ்சுச் சாயல், வளர்ந்தபின் கரு ஊதா. இடது கொடுக்கு மற்ற இனங்களைவிடச் சற்று நீண்டிருப்பது, கண்காம்பு இரண்டு நிறமாகப் பிரிந்திருப்பது இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அலையாத்திக் காடுகளும் கழிமுகங்களும் இதற்குப் பிடித்த இடம்.

அமெரிக்கப் பக்கத்து நண்டுகள் இரண்டையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பகுதி இவற்றை வைத்து எழுதியதுதான், இங்கே படிப்பவர்கள் தங்கள் நண்டும் அதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். கரீபியக் கரைகளின் கிளிப்பியாட்டஸுக்குக் கண் உருண்டை, இடது கொடுக்கு ஊதா, சாய்வு மேடுகள் கிடையாது. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலிருந்து சிலி வரை பசிபிக் கரையில் வாழும் கம்ப்ரெசஸுக்குக் கண் பக்கவாட்டில் அமுங்கி நீளவாக்கில் இருக்கும், இடது கொடுக்கில் சாய்வு மேடுகள் உண்டு. முகத்தை நேர்முன்னால் வைத்து ஒரு படம் எடுத்தால் கண்ணை வைத்தே இவை இரண்டையும் பிரித்துவிடலாம். இவை இரண்டும் இந்தியக் கரைகளின் நண்டுகள் அல்ல. ஊதாக் கொடுக்கோடு ராமேசுவரத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கிளிப்பியாட்டஸ் என்று பதிவு போடுவது அடிக்கடி நடக்கிறது. ஊதா நிறம் பிரெவிமானஸுக்கும் உண்டு, வயோலாசென்ஸுக்கும் உண்டு, ருகோசஸுக்கும் உண்டு, ஜப்பானின் பர்பூரியஸுக்கும் உண்டு. அந்தப் பர்பூரியஸும் குட்டியாக இருக்கையில் பாலேட்டு நிறம்தான். ஜப்பானில் தரைத் துறவி நண்டுகள் 1970-இலிருந்து தேசிய இயற்கைச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன. நினைத்தபடி பிடித்து வளர்க்க அங்கே முடியாது.

சரி, கடலுக்கு வருவோம். இங்கே இனத்துக்குப் போவதற்கு முன் பேரினத்தை உறுதி செய்துகொள்வது முக்கியம். அது நினைப்பதைவிட எளிது.

கழிமுகச் சேறு, அலையாத்தி வேர்கள், கரையோரப் பாறை என எங்கே போனாலும் முதலில் சிக்குவது கிளிபனேரியஸ். பழவேற்காடு, பரங்கிப்பேட்டை வெள்ளாறு, பாம்பன் பக்கம் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். இரண்டு கொடுக்கும் ஏறக்குறைய சமம். கொடுக்கின் விரல்நுனி கறுப்பாக, கொம்புப்பொருளால் ஆனதாக இருக்கும். இதே பாறைகளிலும் பவளத்திட்டிலும் இருக்கும் கால்சினஸில் இடது கொடுக்கு தெளிவாகப் பெரியது, வழவழப்பானது, மயிர் குறைவு, விரல்நுனி சுண்ணாம்பு வெள்ளை. நுனி கறுப்பா வெள்ளையா என்ற ஒரே கேள்வியில் இந்த இரண்டும் பிரிந்துவிடும். டார்டானஸ் என்பது பெரிய உடம்பும், மயிர் அடர்ந்த கால்களும், பெரிய இடது கொடுக்கும் கொண்டது. இழுவை வலையில் மீனோடு சேர்ந்து வந்து துறைமுகத்தில் ஒதுக்கிக் கொட்டப்படும் குப்பையில் இதைப் பார்க்கலாம். டயோஜெனிஸ் பெரும்பாலும் சிறியது, மணலில் புதைந்து கிடப்பது, இடது கொடுக்கு பெரியது.

டயோஜெனிஸைப் பேரினமாக உறுதி செய்ய ஓர் அருமையான அடையாளம் உண்டு. இரண்டு கண்காம்புகளுக்கும் நடுவில், அடிச்செதில்களுக்கு இடையே, அசையக்கூடிய ஒரு சிறு முள் நீட்டிக்கொண்டிருக்கும். மற்றத் துறவி நண்டுகளில் அந்த இடத்தில் மேல்தகட்டின் சிறு மூக்குதான் இருக்கும். கைபேசியில் ஒரு மேக்ரோ லென்ஸ் மாட்டினால் இது தெரிந்துவிடும். நீள உணர்கொம்பில் இறகு போல நீண்ட மயிர்கள் இருப்பதும் இதன் பல இனங்களுக்கு உண்டு. அதை நீரில் வீசி மிதக்கும் துணுக்குகளை வடிகட்டித் தின்னும்.

இந்தப் பேரினத்தில் நமக்கு நேரடித் தொடர்பு ஒன்றும் இருக்கிறது. மதராஸ் கிறித்தவக் கல்லூரியில் உயிரியல் பேராசிரியராக இருந்த ஜே. ஆர். ஹெண்டர்சன், மன்னார் வளைகுடாப் பக்கம் சேர்த்த நண்டுகளையும் சேர்த்து ஆராய்ந்து 1893-இல் எழுதியபோது டயோஜெனிஸ் பிளானிமானஸ், டயோஜெனிஸ் கோஸ்டேட்டஸ் போன்ற இனங்களை முதன்முதலாக விவரித்தார். பிறகு 1905-இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஆல்காக், இந்தியத் துறவி நண்டுகளை மொத்தமாகத் தொகுத்துத் தந்தார். அவர்கள் பெரிதும் நம்பியது சாராயத்தில் கிடந்து நிறம் போன நண்டுகளை. அதனால் முள் எத்தனை, விரல் எவ்வளவு நீளம், கொடுக்கின் மேற்பரப்பு எப்படி என்றே எழுதிவைத்தார்கள். அந்த விவரிப்புகள் இன்றைக்கும் செல்லுபடியாவதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பேன். பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். டயோஜெனிஸ் டயோஜெனிஸ் என்று பழைய பட்டியல்களில் இருக்கும் நண்டு உண்மையில் அந்தப் பெயருக்குரியது அல்ல என்று தெரிந்து, 2001-இல் அதற்கு டயோஜெனிஸ் ஏலியஸ் என்று புதுப்பெயர் வைத்தார்கள். பழைய பட்டியலில் பார்த்த பெயரையும் புதிய பட்டியலில் பார்த்த பெயரையும் இரண்டு நண்டு என்று எண்ணிவிடக் கூடாது.

கிளிபனேரியஸுக்குள் இனம் பிரிக்கும்போது நடக்கும் கால்களைப் பார்க்க வேண்டும். காலின் கடைசிக் கணு, அதாவது கூர்நுனியோடு முடியும் விரல், அதற்கு முந்திய கணுவைவிட நீளமா குட்டையா? கழிமுகச் சேற்றின் லாங்கிடார்ஸஸில் அது தெளிவாக நீளம். பாறைக் கரையின் வைரசென்ஸில் குட்டை. அதன் கால்கள் கரும்பச்சையாகவும் விரல்நுனி மஞ்சளாகவும் இருக்கும். அப்புறம் கோடுகள். காலில் கோடு நீளவாக்கில் ஓடுகிறதா, வளையமாகச் சுற்றுகிறதா, ஒரு பக்கத்தில் எத்தனை கோடு என்று எண்ணுங்கள். நிறத்தைக் கடைசியில் பார்க்கச் சொன்னேனே தவிர, பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கோட்டின் நீலம் வெளுத்துப் பச்சையாகலாம், தோலுரித்ததும் பளிச்சென்று தெரியலாம், ஆனால் நீளக்கோடு ஒருநாளும் வளையமாகாது. லாங்கிடார்ஸஸையும் படவென்சிஸையும் இத்தனையும் பார்த்த பிறகும் குழப்பிக்கொள்வார்கள். இரண்டும் ஒரே கழிமுகத்தில் இருக்கக்கூடியவை. தெளிவாகத் தெரியாதபோது கிளிபனேரியஸ் என்று மட்டும் எழுதி நிறுத்துவதுதான் நியாயம்.

கால்சினஸில் நிறக்கோலம் இன்னும் நம்பகமானது. மரபணுவை வைத்துப் பார்த்தபோதும், அந்தப் பேரினத்தில் நிறக்கோலம் இனத்துக்கு இனம் உறுதியாக வேறுபடுகிறது என்றே தெரிந்தது. கண்காம்பு எந்த நிறம், அடியில் ஒரு நிறமும் நுனியில் வேறு நிறமுமா, உணர்கொம்பு எந்த நிறம், காலில் பட்டை எந்தக் கணுவில் என்று குறித்துக்கொண்டால் போதும். எலிகன்ஸ் என்ற இனத்துக்குக் கண்காம்பே பளிச்சென்ற நீலம். டார்டானஸிலும் இப்படித்தான். மெகிஸ்டோஸின் செந்நிற உடல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் கறுப்பு வளையம். சங்கின்மேல் கடல் அனிமோன்களை ஏற்றிக்கொண்டு, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கண்காம்போடு வருவது பெடங்குலேட்டஸ். ஆனால் அனிமோனை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அனிமோன் சுமக்கும் துறவி நண்டுகள் பல இனங்களில் உண்டு.

படம் எடுக்கும் முறையைச் சொல்கிறேன். நண்டைச் சமதரையில் வைத்துவிட்டு ஓரிரு நிமிடம் அசையாமல் இருங்கள், நிழலும் அதன்மேல் விழக்கூடாது. அது தலையை நீட்டும். நேர்முன்னாலிருந்து ஒன்று, கண்ணும் உணர்கொம்பும் தெரியும்படி. இடது கொடுக்கின் வெளிப்பக்கம் ஒன்று, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி. மேடுபள்ளங்கள் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும், ஃபிளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். இடப்பக்க நடக்கும் கால் கடைசி விரல்வரை ஒன்று. மேலிருந்து ஒன்று, பக்கத்தில் ஒரு அளவுகோலோடு. அடிப்பக்கம் வேண்டுமென்றால் கண்ணாடி டம்ளரில் விட்டுக் கீழிருந்து எடுக்கலாம், கொடுக்கின் உட்பக்க மயிர்த்தூரிகைகூட அதில் தெரிந்துவிடும். கடல் நண்டென்றால் டம்ளரில் அது இருந்த இடத்துத் தண்ணீரையே ஊற்றுங்கள். தரை நண்டுக்குத் தண்ணீர் வேண்டாம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. சங்கிலிருந்து இழுக்காதீர்கள், சூடு காட்டி வெளியேற்றுகிற பழக்கமும் வேண்டாம். அதன் வயிற்றுப்பகுதி மென்மையானது, சங்கின் சுருளைச் சுற்றிப் பிடித்திருக்கும். இழுத்தால் நண்டு பிடியை விடாது, உடம்புதான் கிழியும். மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்காவில் அடக்கம். அங்கே படம் எடுப்பதற்கும் முன் அனுமதி பெற்றுப் போக வேண்டும், நண்டையோ சங்கையோ எடுத்துவரக் கூடாது.

எத்தனை அடையாளம் பொருந்தினால் பெயர் சொல்லலாம் என்று கேட்பார்கள். நான் வைத்திருக்கும் கணக்கு, நிறத்தைத் தவிர்த்து வேறுவேறு உறுப்புகளிலிருந்து குறைந்தது இரண்டு அடையாளமாவது பொருந்த வேண்டும் என்பது. கொடுக்கில் சாய்வு மேடு, கண்காம்பின் அடியில் கறை, இரண்டும் இருந்தால் ருகோசஸ் என்று எழுதுவேன். ஒன்றுதான் தெரிகிறது, கூடவே நிறமும் ஒத்துப்போகிறது என்றால் சீனோபிட்டா என்பதோடு நிறுத்திவிடுவேன். குட்டிகளில் பெரும்பாலும் பேரினத்தைத் தாண்டப் போவதே இல்லை. மேடுகளும் குருணைகளும் சின்ன உடம்பில் சரியாகப் புலப்படாது, நிறமோ பிறகு மாறப்போகிறது. தோலுரித்த மறுநாள் நண்டையும் அப்படியே விட்டுவிட்டு, ஓடு கெட்டியானபின் மறுபடி பார்க்கலாம்.

மேலே சொன்ன கோணங்களில் படங்களை எடுத்துவிட்டு, எந்த ஊர்க் கரை, அலைக்கோட்டுக்கு மேலா கீழா, மணலா சேறா பாறையா, இரவா பகலா என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதே இடத்தில் கிடந்த இன்னொரு நண்டின் படத்தையும் சேர்த்து அனுப்பினால் கொடுக்கை ஒப்பிட்டுச் சொல்ல வசதியாக இருக்கும்.